அப்பாவின் கண்ணு

இப்போது நான் குடியிருக்கும் வானவடியில், மழைக்கு லிஃப்ட் பக்கம் ஒதுங்கிய நாயின் ஈரவாடை என்னைச் சிறுவயதில் இருந்த ஆகுர்டி வீட்டுக்கு இழுத்துப்போனது.

அன்று வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம், அப்பா ஆஸ்பத்திரியில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற என்னை "டேய்" என்பவர், தெருநாயை மட்டும் "வா கண்ணு" என்பார். எனக்கு வயிறு எரியும்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நாய் எந்தச் சாப்பாட்டையும் தொடவில்லை. பக்கத்து வீட்டு மாவுஷி மராத்தியில் கொஞ்சிப் பார்த்தும் அசையவில்லை.

"அப்பா மாதிரி நீ கூப்பிடுடா," என்றாள் அம்மா.

"மாட்டேன். என்னை ஒருநாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்காரா?"

"அதுவும் உன்னை மாதிரிதான்டா, வழியையே பார்த்துட்டுக் கிடக்கு."

வாசற்படியில் நாயும் நானும் ஒரே திசையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தோம். என் தட்டை அதன் முன்னால் நகர்த்தி, "வா கண்ணு," என்றேன்.

எனக்கு வைத்திருந்த இரண்டு சப்பாத்தியும் காலி.