ஈவ்லின் டீச்சரின் ஈஸ்டர்

ஈவ்லின் டீச்சருக்கு ஒரே பிள்ளை ஆபேல். இருபத்து நான்கு வயதில், ரேடியல் சாலையில் நடந்த பைக் விபத்தில் போய்விட்டான். கீழ்க்கட்டளை வீட்டில் முதல் பத்து நாளும் நிற்க இடமில்லாத கூட்டம். "எல்லாம் ஆண்டவர் சித்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன்பின் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

கணவர் ஞானையா தினமும் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிப்பார். டீச்சர் பக்கத்தில் உட்காருவார், வாய்தான் திறக்காது. பள்ளியில் அல்ஜீப்ரா நடத்தினார், வீட்டில் சமைத்தார். கடவுளோடு மட்டும் பேச்சு நின்றுபோனது. எட்டு மாதம்.

ஒரு சனிக்கிழமை, பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் காமு வாசலில் வந்து நின்றாள். அவள் மகள் ஓவியா டெங்குவில் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"உங்க புள்ளயும் பூட்டான். காலைல எப்டி டீச்சர் எழுந்துக்கிறீங்க? என்னால முடியல."

"எனக்கும் தெரியல காமு" என்றார் டீச்சர். இருவரும் உட்கார்ந்து அழுதார்கள். கிளம்பும்போது காமு கேட்டாள்: "உங்க சாமியாண்ட என் பொண்ணுக்காக ஒரு வார்த்த சொல்லுங்க."

முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. காமுவின் கையைப் பிடித்துக்கொண்டு "ஆண்டவரே" என்று ஆரம்பித்தவர், ஓவியாவின் பெயரைச் சொன்னார். பிறகு ஆபேலின் பெயரை. பிறகு "ஏன் எடுத்துக்கிட்டீர்?" என்று கத்தியே விட்டார். கத்திய வேகத்தில், இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறை முன்னே நின்ற இயேசு நினைவுக்கு வந்தார். சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர்தான். ஆனாலும் முதலில் அழுதார். இப்படிக் கூட நின்று அழுகிறவர், இறந்தவர்களை எழுப்புவேன் என்று சொன்னதையும் செய்வார். டீச்சருக்கு அந்த நிமிடம் அது உறுதியாகப் பட்டது. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

அடுத்த வாரமே திருச்சபை அலுவலகத்தில் போய் நின்றார். "சாவு நடந்து ஒரு மாசம் ஆன வீடு எதெதுன்னு சொல்லுங்க." ஞானையா ஸ்கூட்டரை எடுத்தார். அனகாபுத்தூர் சந்துகள், பம்மல், அஸ்தினாபுரம். டீச்சர் பிரசங்கம் பண்ணுவதில்லை. "போனவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பார்; கேட்டுக்கொண்டே இருப்பார். மனைவியை இழந்த ஆரோன் என்பவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். நான்கு வாரம் விடாமல் போன பிறகு, அவரே நாற்காலி எடுத்துப் போட்டார்.

இரண்டு வருடத்தில் பத்தொன்பது வீடுகள்.

இந்த ஈஸ்டர் விடியற்காலையில், கல்லறைத் தோட்டத்து ஆராதனையில், சபைப் போதகரான ஐயர் மைக்கை டீச்சரிடம் நீட்டினார். சுற்றிலும் தெரிந்த முகங்கள்; பாதிப்பேர் அவர் போய் உட்கார்ந்த வீட்டுக்காரர்கள். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் மைக்கை வாங்கினார்.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!"

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று தோட்டமே அதிர்ந்தது. ஆரோனின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. டீச்சருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மறுபடியும் சொன்னார், இன்னும் பலமாக.