கரையிறங்காத அப்பு

கடல் எப்படி இருக்கும் என்று பங்களாக் குசினியில் நான் கேட்டபோது, அப்பு மாவு பிசைந்த கையை நீட்டி, "இந்த மேசையை ஹட்டன் டவுன் வரைக்கும் இழுத்துப் பாரு, தங்கச்சி" என்றார். அவரும் கடலைப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் தலைமைச் சமையல்காரரை அப்பு என்றுதான் அழைப்போம். நான் துரையின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட ஆயா. திருகோணமலையைச் சுற்றிப் பார்க்கத் துரை ஒரு வாரத்துக்குப் பாய்க்கப்பல் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். பகலில் பழைய கோட்டை, வெந்நீர்க் கிணறு எல்லாம் பார்த்துவிட்டு, தூக்கம் கப்பலிலேயாம். துரைமாருக்குத் தரையில் இடம் போதவில்லை என்று அப்பு முணுமுணுத்தார். உள்ளுக்குள் அவருக்குக் கொண்டாட்டம்தான். மகளை அங்கே ஒரு துறைமுகத் தொழிலாளிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்குப் பிள்ளை பிறந்து எட்டு மாதமாகியும் அதன் முகத்தை அவர் பார்க்கவில்லை. சனிக்கிழமை காலை படகுத்துறைக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார். போட்டதை என்னிடம் நாலு தடவை சொன்னார்.

திருகோணமலை நகரத்துக்கு வடக்கே ஒரு சிறு துறையில் கப்பல் ஏறினோம். மறுநாள் துறைமுக வாயிலில் ஒரு ரோந்துப் படகு எங்களை நிறுத்தியது. இந்தியாவிலிருந்து களவாக வருகிறவர்களைத் தேடும் படகு அது. சிங்கள அதிகாரி அப்புவைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நீ எப்ப வந்தது?"

"நேத்துத்தாங்க."

"எப்படி வந்தது?"

"இந்தப் படகுலதாங்க."

ஊருக்கு வந்ததைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம். அதிகாரி கேட்டது இலங்கைக்கு வந்ததை. அதிகாரியின் பக்கத்திலிருந்தவர் "கள்ளத்தோணி" என்று சொன்ன பிறகுதான் அப்புவுக்கு விளங்கியது. இந்த நாட்டிலேயே, தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த மனிதர், முந்தின நாள்வரை தோணியையே கண்டதில்லை. ஆனால் இந்திய வம்சாவளி என்று எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அப்போது குடியுரிமை இல்லை. அவர் போட்ட மனுவுக்கு மூன்று வருடமாகப் பதிலும் இல்லை.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். இரண்டு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் உன் குடியுரிமைக் கடதாசி எங்கே என்று என்னையும் கேட்பார்கள். இடுப்பில் வெள்ளைக்காரக் குழந்தை இருந்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை. குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்று என் அலுமாரியில் அடையாள அட்டை இருக்கிறது, யார் கேட்டாலும் எடுத்து நீட்டுவேன். அன்றைய வெட்கம் அதனால் போகவில்லை.

துரைதான் பேசி முடித்தார். இவன் என் தோட்டத்து ஆள், என் பொறுப்பு, கப்பலை விட்டு இறங்க மாட்டான், வேறு யாரும் கப்பலில் ஏறவும் மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தார். பெரிய உதவி செய்துவிட்டதாகவே அவருக்கு நினைப்பு. மத்தியானத்துக்குக் கோழி ரோஸ்ட் கேட்டார். ரோந்துப் படகு எங்களுக்கும் படகுத்துறைக்கும் நடுவில் வந்து நங்கூரம் போட்டது. அப்பு தினமும் சமைத்தார், பாத்திரம் கழுவினார், கரையைப் பார்த்தார்.

சனிக்கிழமை துரைசானியோடும் குழந்தையோடும் ரோந்துப் படகைத் தாண்டி நான் மட்டும் கரையிறங்கினேன். படகுத்துறையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அப்பு கொடுத்தனுப்பிய வெள்ளிக் காப்பைக் கொடுத்தேன்.

"அக்கா, எங்கப்பா எங்கங்க?"

"அடுப்பு வேலைம்மா. எறங்க முடியல. அந்தா நிக்கிறாரு பாரு, வெள்ளக் கோட்டு."

அவள் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அப்பு கப்பலின் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். "அப்பாவுக்குக் கண்ணு தெரியலையோ" என்று சொல்லி இன்னொரு முறை தூக்கினாள். கை வலிக்கும்வரை தூக்கிப் பிடித்திருந்தாள். பிறகு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கப்பலுக்குத் திரும்பியதும் நேரே குசினிக்குப் போனேன்.

"என்னண்ணே நீங்க? பச்சப்புள்ளயத் தூக்கித் தூக்கிக் காட்டுறா. ஒரு கையாவது அசைச்சிருக்கலாமே."

அப்பு தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கைய அசைச்சா யாருக்குன்னு பாப்பாங்க, தங்கச்சி. அப்புறம் அவகிட்டயும் போயி கடதாசி கேப்பாங்க."