பார்லர் முடியும் என் முடியும்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போய், ஒரு பார்லரில் ஆறு மணி நேரம் உட்காரவைத்து, என் முடியை நேராக்கினாள். வந்தவர் பார்த்தது அந்த முடியைத்தான். நாங்கள் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து அபுதாபி பக்கம் ருவைஸுக்கு வந்தேன். கணவர் அங்கே எண்ணெய் ஆலையில் இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினியர். குழாய்கள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அளந்து எழுதுவது அவர் வேலை. சில மாதங்களில் உச்சியில் மூன்று விரல் உயரத்துக்கு என் சொந்த முடி எழும்பியது. கீழே நூல் பிடித்ததுபோல் நேர், மேலே ஸ்பிரிங். எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டி மறைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது பார்த்துவிட்டார்.

"முடி ஏன் இப்படி ஆயிடுச்சு? இந்த ஊர் தண்ணி சேரலையா?"

தண்ணீர்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அங்கே எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

"இல்லீங்க. இதுதான் என் முடி. நீங்க பாத்தது பார்லர்ல பண்ணது."

"சரி" என்றார். கோபமா என்று தெரியவில்லை. அவர் முகத்தில் எதுவும் சீக்கிரம் தெரியாது.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தவர் கையில் இணையத்திலிருந்து எடுத்த தாள் ஒன்று இருந்தது. அதில் முடியை நான்காகப் பிரித்திருந்தார்கள். ஒன்று நேர், இரண்டு அலை, மூன்று சுருள், நான்கு மிக நெருக்கமான சுருள். ஒவ்வொன்றிலும் ஏ, பி, சி. என்னிடம் முடி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆலையில் குழாய் அளக்கும் வெர்னியர் அளவுகோலால் சுருளை மூன்று முறை அளந்தார்.

"நாலு ஏ" என்றார்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் தேங்காய் நார் என்பார்கள். நாலு ஏ பரவாயில்லை.

நேரும் சுருளும் சேரும் இடத்தில் முடி உடையத் தொடங்கியது. மாடிப்படியில் அதைப் பார்த்த மேல்வீட்டு சூடான்காரப் பெண்மணி, என்னைக் கேட்காமலே தொட்டுப் பார்த்தார்.

"கீழ இருக்கறது செத்த முடி. வெட்டிடு. கலாஸ், அவ்வளவுதான்" என்றார் அரபி கலந்த ஆங்கிலத்தில்.

அவர் சமையலறை நாற்காலியிலேயே வெட்டினார். எனக்கு அழுகை வந்தது. "அழு. தலையை மட்டும் ஆட்டாதே" என்றார்.

வீட்டுக்கு வந்து மணியை அடித்தேன். கணவர் கதவைத் திறந்து, இந்தியில், "யார் வேணும்?" என்றார். பிறகுதான் புடவையைக் கவனித்தார். வழிவிட்டார். சாப்பிட்டதும் ஊருக்கு போன் போட்டார். அடுத்த மாதம் அவருடைய அம்மா வருவதாக இருந்தது.

"அம்மா, அவளுக்குச் சுருட்டை முடி. வியாதியெல்லாம் இல்ல. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்... எனக்கும் தெரியாது... ஆமா, நல்லாத்தான் இருக்கு."

கடைசியாகச் சொன்னதையும் அதே குரலில்தான் சொன்னார். நான் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு நின்றேன்.

அத்தை வந்து இறங்கியபோது என் தலையைப் பார்த்தார். காரில் பாதி வழியில் கேட்டார்: "வகிடு எடுக்க வருமா?"

"வரும் அத்தை. கொஞ்சம் நேரமாகும்."

"சரி" என்றவர், ஏசியைக் குறைக்கச் சொன்னார்.