நாலு தெருத் தங்கம்

ஊர் முடிந்து திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில்தான், ஸ்ப்ரே கன்னைக் கழுவாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டது நினைவுக்கு வந்தது. பெயின்ட் அடிப்பவன் செய்யக் கூடாத காரியம். உள்ளே காய்ந்துவிட்டால் ஊசி முனையோடு ஒட்டிக்கொள்ளும். சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, கன்னுக்கு அடியில் மாட்டியிருந்த கப்பைக் கழற்றினேன். அதற்குள் தங்கப்பொடி முழுவதும் கப்பின் அடியில் சேறு மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே வெறும் வார்னிஷ், ஆறிய டீயின் நிறத்தில் நின்றது.

தின்னர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ வேகம் குறைத்துக் கடந்தது. என் தலை, புருவம், சட்டை எல்லாம் தங்கமாக இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, "ஏத்தா, அங்கன பாரு. சப்பரம் எறங்கித் தனியா வந்து ஒக்காந்திருக்கு" என்றாள்.

"மேல சாமியக் காணோமே" என்றாள் இன்னொருத்தி.

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். நான் விட்டு வந்த ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

எட்டாவதோடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் ஓட்டுக் கம்பெனி, வண்டிப்பெரியாரில் ஏலக்காய் ஸ்டோர் என்று எங்கேயும் நிலைத்ததில்லை. தேனியில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்த காலத்தில்தான் கன் பிடிக்கப் பழகினேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர். அண்ணன் என்று கூப்பிடுவேன். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே, பழைய வேதக்காரக் குடும்பங்கள் இருக்கும் ஊர் அவருடையது. மாதா கோயில் திருவிழா நெருங்கினால் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார். முதலாளி கத்தினாலும் காதில் வாங்க மாட்டார். போன தவசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களில், அவர் மாரடைப்பில் இறந்துபோனார். எனக்குச் செய்தி தெரியும்போது மாதங்கள் கடந்திருந்தன. அப்போது கையில் வேலையும் இருந்தது. போகவில்லை.

அவர் பெயரிலேயே போன் வந்தபோது எடுக்கத் தயங்கினேன். பேசியது அவர் மனைவி, எனக்கு மதினி.

"தம்பி, அவுக போன்ல ஒங்க நம்பரு இருந்துச்சு. கன்னு புடிக்கத் தெரிஞ்ச ஆளு வேணும். நம்ம வீட்டு வேலையா வந்து செஞ்சு குடுக்கணும்."

திருவிழாவில் மாதா ஏறி வரும் சப்பரத்துக்குத் தங்கம் அடிப்பது அவர்கள் வீட்டு உரிமை. பாட்டன் காலத்திலிருந்து வருவது. கூலி கிடையாது. சப்பரம் இறங்கியதும் முதல் மாலை அந்த வீட்டுக்கு வரும், அந்த வீட்டுப் பெண் மெழுகுவர்த்தியோடு சப்பரத்துக்கு நேர் பின்னால் நடப்பாள், அவ்வளவுதான். மதினிக்கு மகன் இல்லை. ஒரே மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். இந்த வருடம் அந்த வீட்டிலிருந்து வேலை நடக்காவிட்டால் உரிமை அண்ணனுடைய தம்பி வீட்டுக்குப் போய்விடும்.

நான் போய் இறங்கிய அன்று மதினி சொன்னார்: "இதுவும் போச்சுன்னா இந்த ஊர்ல நான் வாடகைக்கு வந்து குடியிருக்கவ மாதிரிதேன் தம்பி. கொழுந்தன் கெட்டவரு இல்ல. ஆனா அவரு வீட்டுக்குப் போனது திரும்பி வராது."

சப்பரத்துக்கு நாலு பக்கம், ஊருக்கு நாலு தெரு. ஒவ்வொரு தெருவும் நேர்ச்சையாக ஒரு டின் தங்க பெயின்ட் வாங்கிக் கொடுக்கும். சப்பரம் ஒரு தெருவுக்குள் வந்தால் அந்தத் தெரு கொடுத்த பக்கத்தைத் திருப்பி நிறுத்துவார்கள். தங்கள் பக்கத்தைத் தொட்டு முத்தமிடுவதற்குத் தெருவே திரண்டு நிற்குமாம். இது எனக்குப் புதிது.

மதினி வீட்டுத் தரையில் நாலு டின்களும் இருந்தன. திறந்து பார்த்தேன். மேலத்தெருவுடையது எலுமிச்சை மஞ்சள். கீழத்தெருக்காரர்கள் இந்த வருடம் புதிதாகக் கொஞ்சம் செம்பு கலந்த மாதிரி சிவப்புத் தங்கம் தேடி வாங்கியிருந்தார்கள். மற்ற இரண்டும் நடுவில் ஏதோ ஒரு நிறம்.

"நாலும் நாலு நெறம், மதினி. நாலு பக்கமும் ஒண்ணா வராது."

"அவுக அடிச்சா ஒண்ணாத்தேன் இருக்கும். ஊரே சொல்லும். முந்தின நாளு கதவச் சாத்திக்கிட்டு, பெரிய அண்டாவுல நாலையும் ஊத்திக் கலக்குவாக. பெறகு அந்தந்த டின்னுலயே திரும்ப ரொப்பிக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவாக."

"திரும்ப எதுக்கு டின்னுல ஊத்துனாரு?"

"தூக்கிட்டுப் போக வசதின்னு நெனச்சேன். கதவச் சாத்துறது தூசி விழாம இருக்கன்னு. கோயில்ல அடிக்கிறப்ப நான் போய்ப் பாத்ததில்ல."

நான் யோசித்தேன். பெயின்ட் வேலை எனக்குத் தெரியும். தெரிந்த அளவுக்குத்தான் யோசித்தேன். தங்கப்பொடி கனமானது. கலக்குவதை நிறுத்தினால் இறங்கிவிடும். நாலு டின்னில் பிரித்து வைத்தால் நாலு டின்னிலும் அடியில் உட்காரும். ஒவ்வொன்றையும் மறுபடி கலக்க வேண்டும், ஒன்று சரியாகக் கலக்காவிட்டாலும் அந்தப் பக்கம் வெளிறிப்போகும்.

"ஒரே வாளியில ஊத்தி கோயில்ல வச்சே கலக்குவோம் மதினி. ஒரு ஆளு கம்ப வச்சுக் கலக்கிக்கிட்டே இருந்தாப் போதும். எதுக்கு ரெண்டு வேலை?"

"அதுவுஞ் சரிதேன். நானே கலக்குறேன்."

இரண்டு பேருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

மறுநாள் காலை கோயில் வளாகத்தில், வேப்பமர நிழலில், நாலு டின்களையும் பெரிய வாளியில் கவிழ்த்தோம். துணியில் வடிகட்டினோம். மதினி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்து மூங்கில் கம்பால் கலக்கத் தொடங்கினார். அடியைத் தொட்டு, மேலே தூக்கி, மறுபடி அடியைத் தொட்டு. சாம்பார் கிண்டுவது மாதிரி சுற்றிச் சுற்றிக் கிண்டினால் பொடி ஓரத்தில் ஒதுங்கிவிடும். சொல்லாமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

வாளியில் கலந்தால் மட்டும் போதாது. கன்னின் கப்புக்குள்ளும் பொடி இறங்கும். கப்பின் அடியிலிருந்துதான் குழாய் உறிஞ்சும் என்பதால் முதலில் கெட்டித் தங்கமும் கடைசியில் வெறும் வார்னிஷும் வரும். பலகையில் மேகம் படர்ந்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் பாதிக் கப்புக்கு மேல் ஊற்ற மாட்டேன். உள்ளே ஒரு பேரிங் குண்டு போட்டிருப்பேன். ஒரு வீச்சு அடித்து முடித்ததும் மணிக்கட்டால் ஒரு சுழற்று. குண்டு கடகடவென்று உருண்டு அடியைக் கிளறும். ஏணி நகர்த்தவோ தண்ணீர் குடிக்கவோ நின்றால், திரும்ப அடிக்கும் முன் முனையைக் கந்தல் துணியால் பொத்தி விசையைத் தொட வேண்டும். காற்று வெளியே போக வழியில்லாமல் குழாய் வழியாகக் கப்புக்குள்ளேயே திரும்பி, குமிழி விட்டுக் கலக்கும். யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல மாட்டேன். பேச நின்ற நேரம் பலகையில் தெரியும்.

மதியத்துக்குள் நாலு பக்கமும் முடிந்தது. நான் அடித்ததிலேயே நல்ல வேலை அது. செதுக்கின திராட்சைக் கொடியும் தூணும் வளைவும் ஒரே வார்ப்பில் ஊற்றி எடுத்தது மாதிரி நின்றன. பார்க்க வந்தவர்கள், "அசல் அவரு கையாட்டமே இருக்கே" என்றார்கள். மதினி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் தங்கம் ஒட்டியது.

அப்போது கீழத்தெருவிலிருந்து சில பெண்கள் தங்கள் பக்கத்தைப் பார்க்க வந்தார்கள். சுற்றி வந்து பார்த்தார்கள். மறுபடி சுற்றினார்கள்.

"எங்க செவப்புத் தங்கம் எங்கன?"

பதில் சொல்வதற்குள் ஒருத்தி வாளியைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் நாலு டின்களும் சொட்டு வடிவதற்காகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தன.

"அடியாத்தீ! நாலு தெருவையும் ஒண்ணாப் போட்டுக் கொழம்பு வச்சிட்டீகளா?"

அதற்குப் பிறகு கூட்டம் கூடியது. கீழத்தெருக்காரர்கள், எங்கள் நேர்ச்சையை மேலத்தெருப் பக்கத்தில் பூசுவதற்கு நீ யார் என்று கேட்டார்கள். மேலத்தெருக்காரர்கள், எங்கள் பக்கத்தில் உங்கள் டின் எதற்கு என்றார்கள். ஒருத்தர் என்னைப் பார்த்து, "தேனிக்காரருக்கு லாரியும் சப்பரமும் ஒண்ணு போல" என்றார். பங்குச் சாமியார் வந்து, மாதாவுக்கு நாலு தெருவும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தார். கேட்டுக்கொண்டார்கள். அமைதியாகவில்லை.

கடைசியில் மதினியின் கொழுந்தன் முன்னால் வந்தார். கோபமாகப் பேசவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்.

"மதினி, அண்ணன் இத்தன வருசம் எப்பிடிச் செஞ்சாரு? டின்னு டின்னாக் கொண்டாந்து, அந்தந்தத் தெரு ஆளுகள நிறுத்தி, அவுக கண்ணு முன்னாலதானே மூடியத் தொறப்பாரு? அப்பிடி நாலையும் தனித்தனியா அடிச்சுத்தானே ஒண்ணு போலக் கொண்டு வந்தாரு? அந்தக் கை யாருக்கு வரும்? வரலேன்னா வரலேன்னு சொல்லியிருக்கலாமே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணன் ஏன் கதவைச் சாத்தினார், ஏன் திரும்பவும் அதே டின்களில் ரொப்பினார் என்று. மதினி கவிழ்ந்திருந்த டின்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அந்த நேரத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை போதும். 'அவரும் கலந்துதான் அடித்தார்' என்று சொன்னால் பழி பாதியாகக் குறைந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன். மதினி என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எனக்கு மொற தெரியல. தப்பு எம்மேலதேன்" என்றார்.

உரிமை கொழுந்தன் வீட்டுக்கு என்று அங்கேயே பேசி முடித்தார்கள். நாலு தெருவும் வேறு டின் வாங்கி வந்து, அடித்ததன் மேலேயே மறுபடி அடிக்க வேண்டும் என்றார்கள். மதினி கவிழ்ந்திருந்த டின்களை நிமிர்த்தி மூடிகளைத் தேடிப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பி நடந்துவிட்டேன். அதுதான் அந்தப் புளியமரம் வரை வந்த கதை.

கன்னைக் கழுவி முடித்துக் காமயகவுண்டன்பட்டி வரை நடந்தேன். டவுன் பஸ் பிடித்துக் கம்பம் போய், விடிந்ததும் எஸ்டேட் ஜீப் ஏதாவது ஒன்றில் ஏறிக் கேரளாவுக்குப் போய்விடலாம் என்று எண்ணம். டீக்கடையில் நிற்கும்போது அண்ணன் பெயரில் போன் வந்தது.

"எங்கன இருக்கீக தம்பி? சாப்பிட்டீகளா?"

"ஆச்சு மதினி. நான் சொன்ன யோசனையாலதானே..."

"அத விடுங்க. கொழுந்தன் வந்திருந்தாரு. அவருக்குப் பிரஷ்தேன் புடிக்கத் தெரியும். பிரஷ்ல அடிச்சா கோடு கோடா நிக்கும். நாளைக்குக் காலையில நீங்க வந்து அடிச்சுக் குடுத்துருங்க."

"உங்க கிட்ட இருந்து புடுங்கினவுகளுக்கா?"

"சப்பரம் என்ன பாவம் செஞ்சுச்சு? அவுக கைபட்ட பலகை தம்பி. அசிங்கமா வரக் கூடாது." குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. அண்டா சமாச்சாரம் ஒங்க வாயில வரக் கூடாது."

"கொழுந்தன் கிட்டயுமா?"

"அவருகிட்டத்தேன் முக்கியமா. அண்ணன் கை, அண்ணன் கைன்னு கும்பிடுறாரு."

அன்று ஒரு திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டேன். அண்ணன் ஏன் டின்னில் திரும்ப ஊற்றினார் என்று, கேட்ட அன்றைக்கே இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பொடி இறங்குவதைப் பற்றி மட்டும்தான் எனக்கு யோசிக்கத் தெரிந்திருந்தது. ஊரில் ஒரு வாரம் தங்கி, யாரிடமாவது பேசியிருந்தால் தெரிந்திருக்கும். எந்த ஊரிலும் நான் அப்படித் தங்கியதில்லை.

காலையில் திரும்பப் போய் அந்த வேலையை ஒப்புக்கொண்டேன். நாலு தெரு ஆட்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலத்தெரு டின்னை அவர்கள் முன்னாலேயே திறந்து, கலக்கி, கப்பில் ஊற்றினேன். அடித்து முடித்ததும் கப்பையும் குழாயையும் தின்னர் விட்டுக் கழுவி, கழுவியதை அவர்களிடம் காட்டினேன். பிறகு கீழத்தெரு டின்னைத் திறந்தேன்.

இரண்டு பக்கமும் சேரும் மூலையில் மஞ்சளும் சிவப்பும் கத்தியால் வெட்டிய மாதிரி தனித்தனியாக நின்றன. கீழத்தெருக்காரர்கள் திருப்தியாகத் தலையாட்டினார்கள். கொழுந்தன் மட்டும் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் அடிச்சா இப்பிடிப் பிரிஞ்சு தெரியாதே தம்பி. கூட வேலை பாத்தவுகதானே நீங்க. அவரு எப்பிடிக் கொண்டு வந்தாரு?"

மதினி வீட்டுக் கதவு அங்கிருந்து தெரியும். சாத்தியிருந்தது.

"கப்ப ஆட்டி ஆட்டி அடிப்பாருண்ணே" என்றேன். "எனக்கு அந்தக் கை வராது."

அடுத்த தெரு டின்னை எடுத்து, அடியைத் தொட்டுக் கலக்கத் தொடங்கினேன்.