பிரித்துப் பிரித்துப் பின்னிய குல்லா

நாள் ஆகுமுன்னே வலி வந்துவிட்டதால் நைனா அம்மாவைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அழைத்துப் போனார். பிறக்கப்போகும் பாப்பாவுக்காக அவள் பின்னிக்கொண்டிருந்த குல்லா, குரோஷா ஊசி செருகியபடி கட்டில்மேல் கிடந்தது. ஆரம்பாக்கத்து வீட்டில் நானும் நைனாவின் தங்கையான அத்தையும் மட்டும் மிஞ்சினோம்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எனக்கு அடுத்துப் பிறந்த ஒரு தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வராமலே போயிருந்தான். அதனால் அத்தையை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

“பாப்பா வந்துடும் இல்ல அத்தை?”

ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தக் குல்லாவ நீ பின்னி முடி, வந்துடும். சும்மா தொணதொணன்னு பேஜார் பண்ணிக்கினு இருக்காத.”

என் வாயை அடைக்க அவள் சொன்ன பேச்சு அது. எனக்கோ அது சட்டமாகிவிட்டது.

அம்மா எனக்குச் சங்கிலிப் பின்னல் போட மட்டுமே சொல்லித் தந்திருந்தாள். அந்தத் தைரியத்தில் வட்டமாகப் பின்ன இறங்கினேன். கண்ணிகள் கூடிப்போய் ஓரம் பொரித்த அப்பளம்போல் நெளிந்தது. பிரித்தேன். அடுத்த முறை குறைந்துபோய்க் கூம்பிக்கொண்டது. அதையும் பிரித்தபோது நூல் நிற்காமல் ஓடி, அம்மா போட்டிருந்த வரிசைகளும் கழன்று வந்தன. பின்னினால் பாப்பா வரும் என்றால், பிரித்தால் பாப்பாவுக்கு என்ன ஆகும்? நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

“அத்தை, கோணலா போயிடுச்சி. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?”

“பாப்பாவுக்கு இன்னாடி? அது நல்லாத்தான் இருக்கும்” என்று யோசிக்காமல் சொன்னாள். ஆனால் அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்துபோய் வாசலில் நின்றாள்.

ஒரு சாயங்காலம், பட்டணத்துக்குக் கம்பெனி வேலைக்கு ரயிலில் போய்வரும் எதிர்வீட்டுக்காரர் அத்தையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ‘ரத்தம்’ என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. ஊசி குத்தி என் விரலிலிருந்து நூலில் ஒட்டிய ரத்தம் இவருக்கு எப்படித் தெரிந்தது? கிணற்றடிக்கு ஓடி அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கறை மங்கியதே தவிரப் போகவில்லை.

ஊசியை வீசியெறியத் தோன்றும். எறிந்தால் பாப்பா பாதியில் நின்றுவிடுமே என்று மறுபடி எடுப்பேன். கடைசியில் பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து, ஒவ்வொரு வரிசையையும் அதன்மேல் மாட்டிப் பார்த்துப் பார்த்துப் பின்னினேன். ஒரு பக்கம் சரிந்திருந்தாலும் குல்லா என்று சொல்லும்படி ஒன்று வந்துவிட்டது.

மறுநாள் நைனா தாடியும் கசங்கிய சட்டையுமாகத் தனியாக வந்தார். குல்லாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“ஆம்பளப் புள்ள” என்றார்.

அத்தை அதைக் காதிலேயே வாங்கவில்லை. “அண்ணி?” என்றாள்.

“கண்ணத் தொறந்துட்டா. தண்ணி கேட்டா.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, “அண்ணி, அண்ணி” என்று வாய்விட்டு அழுதாள். நைனாவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தம்பி பிறந்திருக்கிறான், அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே இவளுக்கு என்று எனக்கு அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.