பத்தாம் வகுப்பு எல்லைக் காவல்

தொண்ணூறுகளில் பல்லடம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் மூன்று நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். மனித உரிமை, புலம்பெயர்வு, உலகக் குடிமக்கள் என்று பெரிய பெரிய தலைப்புகள். திரும்பும்போது கையில் ஒரு ஃபைல், தலையில் கொஞ்சம் கனம். இனி உலகத்தைத் திருத்தாமல் விடுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் பத்தாம் வகுப்பின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தேன். அந்தப் பக்கம் அகதிகள், இந்தப் பக்கம் ஒரு நாடு. எல்லையில் இரண்டு பையன்கள் அதிகாரிகள். காகிதம் இல்லாத யாரையும் உள்ளே விடக்கூடாது. திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு எப்படி இருந்தது என்று பிறகு பேசுவோம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விளையாட்டு இது.

இரண்டே நிமிடத்தில் அகதிகள் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க? உள்ள வாங்க, உக்காருங்க" என்று அதிகாரிகளே கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். ஒருவன் வாட்டர் பாட்டிலை வேறு நீட்டினான்.

"விரட்டுங்கடா!" என்று கத்தினேன்.

"வந்தவங்கள எப்படிங்க டீச்சர் போகச் சொல்றது?"

ஆளை மாற்றினேன். அதே கதை. மூன்றாவது தடவை ஓர் அகதிக்குக் கடலை மிட்டாய் கிடைத்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு மனித உரிமையை எப்படித்தான் நடத்துவது!

கடைசி பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். தேனிப் பக்கமிருந்து விசைத்தறி வேலைக்கு வந்த குடும்பம். ஒரு மாதமாக வகுப்புக்கு வருகிறாள், ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை. அந்த வாரத்துக்குள் பெயர் ஏறாவிட்டால் பொதுத்தேர்வு எழுத முடியாது. எங்கள் தலைமை ஆசிரியர் முடியாது என்று ஒருநாளும் சொல்லமாட்டார். "பாத்துக்கலாங்க, நாளைக்கு வாங்க" என்பார். அவள் அப்பாவும் தறியை நிறுத்திவிட்டு நாளைக்கு நாளைக்கு என்று நடந்துகொண்டிருந்தார்.

வேறு ஆள் கிடைக்காமல் அவளை எல்லையில் நிறுத்தினேன்.

இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டாள். "வாங்க, வாங்க. டி.சி. கொண்டாந்தீங்களா? அடடா, இதுல சீல் இல்லைங்களே. பாத்துக்கலாங்க, நாளைக்கு வாங்க."

அச்சு அசல் தலைமை ஆசிரியர். வகுப்பு உருண்டு சிரித்தது. ஓர் அகதிகூட உள்ளே வரவில்லை, மரியாதைக்கும் ஒரு குறைவில்லை. நானும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

சத்தம் கேட்டு அவரே வந்துவிட்டார். நேராகக் கோட்டைத் தாண்டப் போனார். அவள் கையை நீட்டி மறித்தாள். வந்தது யார் என்று பார்த்த பிறகும் கையை இறக்கவில்லை. "டி.சி. இருக்குங்களா?"

"விளையாட்டுங்க சார்" என்றேன், பாதிக் குரலில்.

விளையாட்டு என்றதும் அவர் சட்டைப்பையைத் துழாவி ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல சீல் இல்லைங்களே ஐயா. நாளைக்கு வாங்க."

இந்தத் தடவை அது அவளுடைய சொந்தக் குரல். யாரும் சிரிக்கவில்லை. அவர் கோட்டைத் தாண்டவில்லை. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். என் வேலையும் போச்சு, அவள் பரீட்சையும் போச்சு என்றே நினைத்தேன். அந்தப் பயிற்சி ஃபைலைக் கிணற்றில் போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்தேன். கடைசி வரியில் அவர் கையெழுத்தில் அவள் பெயர். டி.சி. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அதன்மேல் பள்ளிக்கூடச் சீல், ஒன்றுக்கு இரண்டாக.

பெயரைக் கூப்பிட்டேன். ஒரு மாதமாகக் கூப்பிடாத பெயர், அவள் காதில் விழவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் கிள்ளினாள். எழுந்து மேஜை வரை வந்து, இரண்டு சீலையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு டீச்சர்."

பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்று, தலைமை ஆசிரியர் அறை வரை கேட்கும்படி கத்தினாள்: "உள்ளேன் அம்மா!"