மண் டப்பாவோடு மேடையேறிய கோரலி

என் அக்கா கோரலிக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் முர்ரிகல் ஊரில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். அடுப்பில் கேக் வெந்துகொண்டிருந்தால் கதவைத் திறந்து திறந்து பார்ப்பாள். கேக் நடுவில் குழிந்துவிடும். மீன் வளர்த்தாள். பாவம், பசிக்குமே என்று தீனி போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீரே கேட்காத கள்ளிச் செடியைத் தண்ணீர் ஊற்றியே அழுகவைத்தவள் வடக்கு குயின்ஸ்லாந்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூட கேன்டீனில் வேலை. பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும், ஏனென்றால் கறி அடைத்த 'பை' பலகாரம் ஒன்று கேட்டால் சாஸை இரண்டு மடங்கு ஊற்றித் தருவாள். மனசு பெரிசு. அந்தப் பெரிய மனசுதான் கைபட்டதை எல்லாம் கொன்றது.

கிளப்பில் ஒரு வெள்ளிக்கிழமை இதைச் சொல்லி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். இரும்புக்கடை மெர்வ் ஒரு படி மேலே போனான். "கோரலி கையில குடுத்தா கல்லுகூட வாடிப்போயிடும்பா!" என்றான். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகாமல், கன்னத்தில் கண்ணீர் வழிய என்னைப் பார்த்தாள்.

"நரேல், நிஜமாவே என் கையில ஏதோ கோளாறா?"

எனக்கு மெர்வ் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளை நகரச் சொல்லி, வண்டியை நானே ஓட்டினேன்.

அடுத்த வாரமே இவெட் வந்து நின்றாள். இவெட் கால்நடை மருத்துவமனையில் நர்ஸ். வீட்டில் அலமாரி முழுக்க டாரன்டுலா சிலந்தி வளர்ப்பவள். அவளுடைய பெரிய பெண் சிலந்தி குஞ்சு பொரித்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால்வாசிக்கு ஈரத் தேங்காய் நார்த்தூளை அழுத்தி நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு, அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை விட்டுக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்துக் காட்டுச் சிலந்திதான் அது, சீண்டினால் சீறும் ஜாதி. பெரிதானால் உள்ளங்கையை நிரப்பும்.

"இதுக்கு நீ செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல கோரலி," என்றாள் இவெட். "வாரத்துக்கு ஒரு குட்டிச் சில்வண்டு. ஒரு ஓரத்துல மட்டும் கொஞ்சம் ஈரம். திங்கலேன்னா சில்வண்டை எடுத்துடு. கையில எடுக்காதே, வெயில்ல வைக்காதே, தோண்டாதே. முக்கியமா, தோண்டவே தோண்டாதே."

"அப்ப நான் எதுக்கு?"

"பார்த்துட்டு உட்காரத்தான்."

கோரலி அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தாள். முதல் மாதம் கூத்துதான். தினம் ஒரு சில்வண்டு போட்டாள். பட்டனின் வயிறு பட்டாணி போல் உப்பியது. டப்பாவைச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து படுக்கையறைக்கு, காற்று வேண்டும் என்று மறுபடி சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தபோது பட்டன் முன்கால் இரண்டையும் தூக்கிச் சண்டைக்கு நின்றது. "கை ஆட்டறா பாரு!" என்று எனக்குப் போன் செய்தாள். நான் இவெட்டிடம் போட்டுக்கொடுத்தேன். இவெட் வந்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். டப்பா பிரிட்ஜுக்கு எதிர்ப் பக்கத்து மர அலமாரியில் போய் உட்கார்ந்தது, அலமாரிக் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்கப்பட்டது, அதன் பிறகு அது நகரவில்லை.

மெல்ல மெல்ல அவளுக்கு வேலை பிடிபட்டது. உள்ளே தெரிகிற டப்பாச் சுவரை ஒட்டிப் பட்டன் வளை தோண்டியதால் உள்ளே நடப்பது தெரிந்தது. மண்ணை உருண்டை உருண்டையாக வாயில் கவ்வி மேலே கொண்டுவந்து கொட்டும். வாசலில் பட்டு மெழுகினாற்போல வலை. அதைப் பார்த்துக்கொண்டு கோரலி டீ ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

ஊரில் பொருட்காட்சி வந்தது. கரும்பு வெட்டு தொடங்கியதும் வருகிற அதே காட்சிதான்: மாடு, கேக், மரம் வெட்டும் போட்டி, கடைசி நாள் மத்தியானம் செல்லப் பிராணி மேடை. அதில் 'வேறெங்கும் காணாத செல்லம்' என்று ஒரு பிரிவு உண்டு. போன மூன்று தடவையும் ஜெயித்தது தொப்பி போட்ட ஒரு கரும்புத் தேரை. மைக் பிடிப்பது மெர்வ். கோரலி நேரே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"மெர்வ் கண்ணால பார்க்கணும் நரேல். என் கையில ஒரு உயிர் வளருதுன்னு ஊரே பார்க்கணும்."

இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. இதைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று பட்டன் நினைத்ததோ என்னவோ, பொருட்காட்சி நெருங்கும்போது சாப்பாட்டை நிறுத்தியது. நிறம் மங்கியது. பிறகு வளை வாசலை மண்ணும் வலையும் சேர்த்துப் பூசி அடைத்துக்கொண்டது. டப்பாச் சுவர்ப் பக்கத்தையும் வலையால் மூடிவிட்டது. டப்பாவில் பார்க்க மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

"தோல் உரிக்கப் போகுது," என்றாள் இவெட். "மல்லாக்கப் படுத்துக்கிட்டு, பழைய தோலுக்குள்ள இருந்து ஒவ்வொரு காலா உருவி வெளிய வரணும். அந்த நேரத்துல உடம்பு முழுக்க ஜெல்லி மாதிரி. நீ தோண்டினா கிழிஞ்சு செத்துடும்."

"எப்ப முடியும்?"

"அதுக்குத்தான் தெரியும்."

மறுநாள் நான் போனபோது கோரலி டப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் டீ ஸ்பூன்.

"தோண்டப் போறியா?"

"இல்லையே. சும்மா ஸ்பூனைப் பார்த்துட்டிருந்தேன்."

"கோரலி!"

"செத்துக் கிடந்தா? மேல ஒரு துளி மண்ணை மட்டும் விலக்கிப் பார்த்தா என்ன ஆயிடும்? ஒரே ஒரு துளி." மூடி ஓட்டையில் மூக்கை வைத்து மோந்தாள். "நாத்தம் வருதா பாரு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் ஸ்பூனைக் கீழே வைக்காததைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. "தோண்டு. தோண்டிட்டு மெர்வ் சொன்னது சரிதான்னு அவன்கிட்டயே போய்ச் சொல்லு," என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து வீட்டிலிருந்த ஸ்பூன் எல்லாவற்றையும் அள்ளி, ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் திணித்தாள். "எடுத்துட்டுப் போ. நான் கேட்டாலும் குடுக்காதே." அன்றைக்கு எனக்கு முள்கரண்டியால் டீ கலக்கிக் கொடுத்தாள். சர்க்கரை அடியிலேயே கிடந்தது. நான் மூச்சு விடாமல் குடித்தேன்.

போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடு என்று எவ்வளவோ சொன்னேன். கோரலி மசியவில்லை; டப்பாவை ஆட்டாமல் கொண்டுபோகலாமா என்று இவெட்டிடம் கேட்டாள். மடியில் வைத்து, மெதுவாக ஓட்டினால் பரவாயில்லை என்றாள் இவெட். என் கார் அன்றைக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிவிட்டு ஊர்ந்தது. பின்னால் கரும்பு லாரிக்காரன் ஹாரன் அடித்தே செத்தான்.

மேடையில் ஒருபக்கம் தொப்பித் தேரை, இன்னொரு பக்கம் ஒற்றைக்கண் ஆடு, நடுவில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் அக்கா.

"அடுத்து நம்ம கோரலி!" என்றான் மெர்வ் மைக்கில். "என்ன கொண்டுவந்திருக்கே கோரலி? எனக்கு மண்ணுதான் தெரியுது."

"டாரன்டுலா. பேரு பட்டன். உள்ள இருக்கு."

"உள்ள இருக்கா, உள்ள இருந்துச்சா?"

கூட்டம் சிரித்தது. நடுவராக வந்த அம்மாள் நல்லவள். சங்கடத்தோடு, பிராணியைக் கண்ணால் பார்க்காமல் மதிப்பெண் போட விதி இல்லை என்றாள். மெர்வ் விடுவானா? பக்கத்து ஸ்கோன் ரொட்டிக் கடையிலிருந்து ஒரு ஸ்பூனை வாங்கி நீட்டினான். இன்னொரு கையில் நீல ரிப்பன்.

"ரெண்டு ஸ்பூன் மண்ணைத் தள்ளிக் காட்டு, முதல் பரிசு உனக்குத்தான். தேரைக்கே குடுத்து எங்களுக்கும் அலுத்துப்போச்சு."

கோரலி ஸ்பூனைப் பார்த்தாள். நான் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து சும்மா இருக்கத் தெரியாத கை அது. ஊரே பார்க்க, கேட்டதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் உள்ளங்கையை விரித்து டப்பா மூடியின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மெர்வ், உன் பொண்டாட்டி துணி மாத்தும்போது கதவை உடைச்சு ஊருக்குக் காட்டுவியா?"

மைக் அதை மைதானத்தின் கடைசிவரைக்கும் கொண்டுபோனது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் மெர்வின் மனைவி ஷெர்ல். கோரலி தொடர்ந்தாள், குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "அவ தோல் மாத்திட்டிருக்கா. தோண்டினா செத்துடுவா. ரிப்பன் வேண்டாம்."

முதலில் கைதட்டியது நான்தான். வேறு யார் தட்டினார்கள், தட்டவில்லை என்று நான் பார்க்கவில்லை. ரிப்பன் தேரைக்குப் போனது. ஊர் அவளுக்கு 'மண் டப்பா' என்று பெயர் வைத்தது. கேன்டீன் ஜன்னலில் வந்து, "மண்ணுக்குத் தீனி போட்டாச்சா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவள் சாஸைக் குறைக்காமல் ஊற்றிக் கொடுத்தாள்.

நாட்கள் போயின. அவள் ஓரத்து மண்ணை ஈரமாக வைத்தாள், வேறொன்றும் செய்யவில்லை. ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. அழுகையில் பேச்சே புரியவில்லை.

"செத்துட்டா நரேல். மேல வந்து செத்துக் கிடக்கறா. அன்னிக்கே தோண்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாமோ என்னவோ."

நான் போனபோது வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்றாள். வளை வாசல் திறந்திருந்தது; அதன் ஓரத்தில் எட்டுக் காலும் சுருங்கி, பட்டன் அசையாமல் கிடந்தது. புதைக்கலாம் என்று இடுக்கியால் மெல்லத் தூக்கினேன். கனமே இல்லை. முதுகுப் பக்கம் மூடி போலத் திறந்திருந்தது. உள்ளே காலி.

"கோரலி, இங்க வா."

"மாட்டேன்."

"வாடி இங்க! இது வெறும் சட்டைடி!"

அவள் வந்து குனிந்தாள். அந்த நேரம் வளைக்குள்ளிருந்து இரண்டு கால்கள் வாசலைத் தொட்டன. கன்னங்கரேலென்று, புதுசாக, பழையதைவிட நன்றாகவே தடித்த கால்கள். நாங்கள் இருவரும் வீறிட்ட வீறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பட்டன் உள்ளே ஓடிவிட்டது. கோரலி என் தோளில் சாய்ந்து, "நான் ஒண்ணும் பண்ணலை நரேல், ஒண்ணுமே பண்ணலை," என்று சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது, அதை மறைக்கவும் இல்லை.

உரித்த தோலை இவெட் தண்ணீரில் நனைத்து விரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பொண்ணுதான், ரொம்ப வருஷம் இருப்பாள் என்றாள். வெள்ளிக்கிழமை கோரலி அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் கிளப்புக்கு எடுத்துவந்தாள். மெர்வின் பீர் கிளாஸ் பக்கத்தில் திறந்துவைத்தாள். மெர்வ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான். கால் நுனி மயிர்கூட அப்படியே இருந்தது; பல்லும் இருந்தது.

"நாளைக்கு வந்து பார்க்கட்டுமா?" என்றான்.

"வேண்டாம். புதுப் பல்லு இன்னும் வெள்ளையா மெத்துனு இருக்கு. கறுத்துக் கெட்டியாகணும். நான் சொல்லும்போது வா."

அவன் தலையாட்டினான். எழுந்து போகப் போகிறான் என்று நினைத்தேன். போகவில்லை, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். மெர்வ் பொருட்காட்சிப் போட்டிக்குக் கோழி வளர்ப்பவன், சொந்தத் தம்பியைக்கூடக் கூண்டுப் பக்கம் விடாதவன்.

"எனக்கு முட்டி ஆபரேஷன், கோரலி. பிரிஸ்பேன் போகணும். ஷெர்லும் கூட வரா. என் வெள்ளைப் பெட்டை அடைகாக்குது. தொட்டா எழுந்து போயிடும், முட்டை எல்லாம் வீணாயிடும்." கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தான். "நீ பார்த்துக்கறியா?"

கிளப்பே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. கோரலி தீப்பெட்டியை மூடிக் கைப்பையில் வைத்தாள்.

"பார்த்துக்கறேன். ஆனா ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி, கூண்டைத் திறந்து பாரு, முட்டையை எண்ணிப் பாருன்னு தொந்தரவு பண்ணக்கூடாது."

"பண்ணலை," என்றான் மெர்வ்.